ஏறுவதும் இறங்குவதும்

சிவனொளிபாத மலைக்குச் சென்று திரும்பிய யாத்திரிகர் ஒருவரிடம் உடம்பில் எங்கே நோகின்றது என்று கேட்டால், அவர் முழங்காலையும் கெண்டைக்காலையுமே தொட்டுக் காட்டுவார். ஏறும்போது மூச்சு வாங்கியது உண்மை. இடையிடையே அமர்ந்து இளைப்பாறியதும் உண்மை. ஆயினும், உச்சியிலே பாதத்தைத் தரிசித்து, எத்தனை முறை ஏறினாரோ அத்தனை முறை மணியை ஒலித்து, உதயசூரியனைக் கும்பிட்டுவிட்டுப் படிகளில் இறங்கத் தொடங்கிய பின்னரே கால்கள் நடுங்கத் தொடங்கின. 7,359 அடி உயரமுள்ள அந்த மலை, ஏறுவோரைக் களைக்கச் செய்கின்றது, இறங்குவோரையே சோதிக்கின்றது. பேரன் பேத்திகளைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லும் முதியோர் இதனை நன்கு அறிவர். அதனாலேயே அவர்கள் ஏறும்போது தம் பலம் முழுவதையும் செலவிட்டுவிடுவதில்லை.

இச்சிறிய அனுபவ உண்மை, மலைக்கு மட்டும் உரியதன்று. பாடசாலை மைதானத்திலே பிள்ளைகளைப் பயிற்றும் ஆசிரியருக்கும் இது உரியது. உச்சி என்பது பாதி வழி. பிள்ளை பத்திரமாக வீடு திரும்பும்போதுதான் பிரயாணம் முற்றுப்பெறுகின்றது. இதனை விளங்கிக்கொள்வதற்கு, மனிதன் செய்த மலையேற்றங்களுள் மிகப் பிரசித்தமான ஒன்றைச் சற்றே விரிவாக நோக்குவது பயனுடையதாகும்.

1953ஆம் ஆண்டு மே மாதம் 29ஆம் நாள், முற்பகல் பதினொன்றரை மணியளவில், நியூசிலாந்தைச் சேர்ந்த எட்மண்ட் ஹிலாரியும், ஷெர்ப்பா இனத்தவரான தென்சிங் நோர்கேயும் எவரெஸ்ட் சிகரத்தின்மேல் நின்றனர். உலகம் அவ்விருவர் பெயரையும் அறியும். அவர்கள் அங்கே நின்ற நேரமோ சுமார் 15 நிமிடம். அந்தக் கால்மணி நேரத்துக்குப் பின்னால் எத்தனை பேருடைய எத்தனை நாள் உழைப்பு நின்றது என்பதைத்தான் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

அக்குழுவின் தலைவர் ஜோன் ஹண்ட் என்னும் இராணுவ அதிகாரி. மார்ச் மாதத்திலே காத்மண்டுப் பள்ளத்தாக்கிலிருந்து அவர் புறப்பட்டபோது, சுமை தூக்குவோர் மட்டும் 350 பேருக்கு மேற்பட்டிருந்தனர். மலையடிவாரத்தை நோக்கி அவர்கள் இரண்டு வாரத்துக்கு மேல் நடந்தனர். தியாங்போச்சே என்னும் பௌத்த மடாலயத்தை அடைந்ததும் உடனே சிகரத்தை நோக்கி ஓடவில்லை. சுற்றிலுமுள்ள சிறிய சிகரங்களில் ஏறுவதும், மீண்டும் இறங்கிவந்து உண்பதும் உறங்குவதுமாகச் சில வாரங்களைக் கழித்தனர். அவசரக்காரன் ஒருவன் கண்டிருந்தால், இவர்கள் வீண்பொழுது போக்குகின்றனர் என்றே கூறியிருப்பான்.

அது வீண்பொழுதன்று. எவரெஸ்ட் உச்சியிலே காற்றின் அமுக்கம் கடல் மட்டத்தில் உள்ளதன் மூன்றிலொரு பங்கேயாகும். கடற்கரையில் வாழும் ஒருவரைத் திடீரென அவ்வுயரத்திலே கொண்டுபோய் நிறுத்தினால், அவர் சில நிமிடங்களில் நினைவிழந்துவிடுவார். ஆனால், சிறிது சிறிதாக உயரத்துக்குப் பழக்கினால் உடம்பு தன்னைத் தானே மாற்றிக்கொள்கின்றது. மூச்சு ஆழமாகின்றது, இரத்தத்திலே செங்குருதிக் கலங்கள் பெருகுகின்றன. இந்த மாற்றத்தை மனவுறுதியினால் விரைவுபடுத்த இயலாது. வீரம் எவ்வளவு இருந்தாலும், உடம்பு தனக்கு வேண்டிய நாள்களைக் கேட்டு வாங்கியே தீரும். ஏறு, பின் இறங்கி ஓய்வெடு, மறுபடி இன்னும் சற்று மேலே ஏறு என்பதே மலையேறிகளின் விதி.

பாடசாலைகளிலே முதல் தவணை தொடங்கியதும் நடப்பது என்ன? இல்ல விளையாட்டுப் போட்டிக்கு நாள் குறிக்கப்படுகின்றது. மூன்று மாதமாக மைதானத்தில் கால் வைக்காத பிள்ளைகள் இரண்டு வாரத்துள்ளே ஓட்டவீரர் ஆக்கப்படுகின்றனர். முதல் நாளே பத்துச் சுற்று, மறுநாள் பன்னிரண்டு. மூன்றாம் நாள் கால் நோகின்றது என்பவனுக்குச் சோம்பேறி என்ற பட்டம் கிடைக்கின்றது. அவன் சோம்பேறியல்லன். அவனுடைய உடம்பு, மலையேறியின் உடம்பு கேட்கும் அதே அவகாசத்தைத்தான் கேட்கின்றது.

வளரும் பிள்ளையின் நீண்ட எலும்புகளின் முனையிலே இன்னும் முற்றாத மென்மையான வளர்ச்சிப் பகுதி உண்டு. வளர்ந்தவருக்குத் தசைப்பிடிப்பாக முடியக்கூடிய அதிர்ச்சி, பிள்ளைக்கு எலும்பின் வளர்ச்சியையே பாதிக்கும் காயமாகலாம். துடுப்பாட்டத்திலே வேகமாகப் பந்து வீசும் சிறுவர்களுக்கு முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் மெல்லிய வெடிப்பு ஏற்படுவதை வைத்தியர்கள் நன்கறிவர். இதனாலேயே இங்கிலாந்து முதலிய நாடுகளில் இந்த வயதுடைய சிறுவன் ஒரு நாளில் இத்தனை பந்துப் பரிமாற்றங்களுக்கு மேல் வீசலாகாது என வரம்பு வகுத்துள்ளனர். நம் மைதானங்களில் திறமையுள்ள சிறுவனுக்கு அந்த வரம்பு பெரும்பாலும் இல்லை. விக்கெட் வீழ்த்த வல்லவன் என்பதனாலேயே அவன் முடிவின்றி வீசுகின்றான். பதினான்கு வயதிலே பாடசாலையின் நம்பிக்கையாய் விளங்கியவன், பதினேழு வயதிலே பார்வையாளர் வரிசையில் அமர்ந்திருப்பதைக் காணும்போது, அவனுக்கு அதிர்ஷ்டம் இல்லை என்று சொல்லிவிடுகின்றோம். அவனுக்கு இல்லாதிருந்தது அதிர்ஷ்டமன்று. அவனுடைய நாள்களை எண்ணிக் கணக்கு வைக்க ஒருவர் இல்லாமற் போனதே குறை.

வெயிலும் ஒருவகை உயரமே. வெப்பத்தில் ஓடுவதற்கு உடம்பைப் பழக்கப் பத்து முதல் பதினான்கு நாள் வேண்டும் என்பது உடற்றொழிலியல் கூறும் உண்மை. மரதன் ஓட்டத்திலே மாணவர் மயங்கி விழுந்து உயிரிழந்த துயரச் செய்தியை இந்நாட்டுப் பெற்றோர் கேட்டிருக்கின்றனர். விடிகாலையில் ஓட்டத்தைத் தொடங்குதல், பாதை நெடுகத் தண்ணீர் வைத்தல், வைத்திய உதவியைப் பக்கத்தில் நிறுத்துதல், முதல் நாள் காய்ச்சலில் கிடந்தவனை ஓடவிடாதிருத்தல் ஆகியவை பெருஞ்செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. மலைக்குப் போகுமுன் கயிற்றைச் சோதித்துப் பார்ப்பதைப் போன்ற சாதாரண ஒழுங்குகளே அவை.

இனி, ஹண்ட் அவர்களின் இரண்டாவது பாடத்தைப் பார்ப்போம். சிகரத்துக்குப் போவோர் இருவர் இருவராகவே போக முடியும். ஆனால் அந்த இருவரை மேலே கொண்டு சேர்க்க ஒரு கூம்பு தேவைப்பட்டது. அடியில் நூற்றுக்கணக்கானோர்; அவர்கள் சுமந்ததை மேலே கொண்டுசெல்லச் சில பத்துப் பேர்; அவர்கள் சுமந்ததை இன்னும் மேலே கொண்டுசெல்ல நாலைந்து பேர். கும்பு என்னும் பனிவீழ்ச்சியிலே வழி வெட்டியவர்கள் வேறு. லோட்ஸே மலைமுகத்தின் செங்குத்தான பனியிலே ஜோர்ஜ் லோ என்பவர் பத்து நாளளவில் தங்கிப் படி வெட்டினார். வில்பிரட் நொய்ஸும், அன்னுல்லு என்ற ஷெர்ப்பாவும் மே 21இல் தென்கணவாயை முதலில் அடைந்து, அது சுமையோடு செல்லத்தக்க வழியே என்பதை மற்றோருக்குக் காட்டினர். இவர்களில் எவரும் உச்சியில் நிற்கவில்லை.

தலைவரே சுமை தூக்கினார் என்பது இன்னும் கருதத்தக்கது. மே 26ஆம் நாள் ஹண்ட் அவர்களும், டா நம்கியால் என்ற ஷெர்ப்பாவும், இறுதிக் கூடாரத்துக்கு வேண்டிய பொருள்களைச் சுமந்து 27,350 அடி உயரம் வரை சென்று, அங்கே அவற்றை வைத்துவிட்டுத் தளர்ந்த நடையோடு திரும்பினர். இரண்டு நாள் கழித்து, ஜோர்ஜ் லோ, அல்பிரட் கிறெகரி, ஆங் நீமா ஆகியோர் ஹிலாரியுடனும் தென்சிங்குடனும் சென்று, அச்சுமையையும் எடுத்துக்கொண்டு இன்னும் மேலே ஏறினர். கூடாரம் அடிக்கும் இடத்தைக் கண்டதும் பொருள்களை இறக்கி வைத்துவிட்டு, அம்மூவரும் கீழே இறங்கினர்.

இங்கே பயிற்றுநர் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. யார் முதலில் செல்வது, யார் அடுத்துச் செல்வது, யார் சுமை தூக்குவது என்பவற்றை ஹண்ட் மே மாதத் தொடக்கத்திலேயே எல்லோரையும் ஒருங்கு கூட்டி அறிவித்தார். உச்சிக்குப் போகும் வாய்ப்புக் கிடைக்காதவர்களுக்கு அது மனவருத்தத்தையே தந்திருக்கும். ஆயினும் ஒவ்வொருவரும் தம் பணி எது, அது எதற்காக என்பதை அறிந்திருந்தனர்.

உதைபந்தாட்டக் குழுவொன்றிலே பதினொருவர் ஆடுவர். வெளியே அமர்ந்திருக்கும் பிள்ளைகள் ஐவரோ அறுவரோ உளர். பருவம் முழுவதும் ஒரு நாளும் தவறாமல் பயிற்சிக்கு வந்து, முதற் குழுவினருக்கு எதிராக ஆடி ஆடியே அவர்களைக் கூர்மையாக்கியவர்கள் அவர்கள். கிண்ணம் வென்ற நாளிலே புகைப்படத்துக்கு நிற்கும்போது அவர்கள் ஓரத்திற்குத் தள்ளப்படுகின்றனர். காலைக் கூட்டத்திலே அவர்களது பெயர் வாசிக்கப்படுவதில்லை. அப்பிள்ளைகள் இதிலிருந்து கற்றுக்கொள்ளும் பாடம் யாது? சுமப்பவனுக்கு மதிப்பில்லை, நிற்பவனுக்கே மதிப்பு என்ற பாடமே. இதனைக் கற்றவன், நாளை ஓர் அலுவலகத்திலோ ஒரு கிராம சங்கத்திலோ பிறருக்காக எதையேனும் சுமக்க முன்வருவானா? அவன் ஏன் விளையாட வைக்கப்படவில்லை என்பதை முகத்துக்கு நேரே, அன்போடும் நேர்மையோடும் சொல்லும் ஆசிரியர், அவனுக்கு ஒரு மரியாதை செய்கின்றார். பலகையில் பெயரை ஒட்டிவிட்டு மறைந்துவிடும் ஆசிரியர் அம்மரியாதையை மறுக்கின்றார்.

மூன்றாவது பாடமே யாவற்றிலும் அரியது. உச்சிக்குச் செல்ல முதலில் தெரிந்தெடுக்கப்பட்டவர்கள் ஹிலாரியும் தென்சிங்கும் அல்லர். சார்ல்ஸ் எவன்ஸ், ரொம் பேர்டில்லன் என்னும் இருவர். ஹண்ட் சுமை தூக்கிய அதே மே 26ஆம் நாள், பிற்பகல் ஒரு மணியளவில், அவர்கள் தென்சிகரம் எனப்படும் முனையை அடைந்தனர். அதுவரை பூமியில் எவரும் அவ்வளவு உயரத்தில் ஏறியதாக அறியப்படவில்லை. உண்மையான உச்சி இன்னும் சுமார் 300 அடி மேலே, கண்ணுக்கெதிரே நின்றது. தென்னைமரங்கள் நாலைந்தை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினால் எட்டிவிடும் உயரம்.

அங்கே அவர்கள் கணக்குப் பார்த்தனர். எவன்ஸின் பிராணவாயுக் கருவி பழுதுபட்டிருந்தது. எஞ்சிய பிராணவாயு உச்சிக்குப் போவதற்குப் போதலாம். திரும்பி வருவதற்குப் போதாது. பொழுதும் சாய்ந்துகொண்டிருந்தது. பேர்டில்லனுக்கு மேலே போகவேண்டும் என்ற ஆசை அடங்கவில்லை. எவன்ஸ் அதற்கு இணங்கவில்லை. இருவரும் திரும்பினர். களைப்பினால் வழியிலே சறுக்கி விழுந்தும், ஒருவரை ஒருவர் தாங்கியும், மாலையில் தென்கணவாய்க் கூடாரத்தை வந்தடைந்தனர்.

இவர்கள் தோற்றவர்களா? அடுத்து நடந்ததைக் கேட்டால் அதற்கு விடை கிடைக்கும். மேலே எஞ்சியுள்ள முகடு எப்படிப்பட்டது என்ற செய்தியை அவர்களே கொண்டுவந்தனர். பாதி தீர்ந்த இரண்டு பிராணவாயுக் கலங்களை வரும் வழியிலே வைத்துவிட்டு வந்திருந்தனர். மூன்று நாள் கழித்து, உச்சியிலிருந்து திரும்பிய ஹிலாரியும் தென்சிங்கும் தம் கலங்கள் தீரும் தறுவாயில் அவற்றையே எடுத்து மூச்சுவிட்டு இறங்கினர். வென்றவர்களைக் கீழே கொண்டுவந்து சேர்த்தது, திரும்பியவர்கள் விட்டுச்சென்ற மூச்சு. தென்சிங்கும் அவ்வாறு திரும்பி வந்தவரே. முதல் ஆண்டாகிய 1952இல், சுவிற்சர்லாந்துக் குழுவைச் சேர்ந்த றேமன்ட் லாம்பேருடன் 28,000 அடிக்கு மேல் சென்று, உச்சியை அடையாமல் அவர் இறங்கினார். அன்று அவர்கள் பிடிவாதம் பிடித்திருந்தால், 1953இல் தென்சிங் என்ற பெயரை உலகம் கேட்டிருக்குமோ என்பது ஐயமே.

திரும்ப வேண்டிய வேளையில் திரும்பாதபோது நடப்பது யாது என்பதையும் அதே மலை 1996ஆம் ஆண்டு மே மாதம் காட்டியது. அனுபவம் மிகுந்த வழிகாட்டிகள், பணம் செலுத்தி வந்த மலையேறிகளை அழைத்துச் சென்றனர். பிற்பகல் இரண்டு மணிக்குள் உச்சியை அடையாதவர் திரும்பிவிட வேண்டும் என்பது பேசப்பட்டிருந்த வரம்பு. அவ்வரம்பு உறுதியாகக் காக்கப்படவில்லை. முந்திய ஆண்டு உச்சிக்கு அண்மையில் திருப்பி அனுப்பப்பட்ட ஒருவர், நான்கு மணிக்குப் பின்னரே உச்சியை அடைந்தார். இந்த முறையாவது அவருக்கு அது கிட்டட்டும் என்று வழிகாட்டி காத்திருந்தார். புயல் வந்தது. அவ்விருவரும் திரும்பவில்லை. அந்தப் புயலில் மலையின் இரு பக்கத்திலுமாக எட்டுப் பேர் மாண்டனர். அந்த வழிகாட்டி கொடியவரல்லர். தம்மை நம்பி வந்தவர்மீது இரக்கம் கொண்டவர். உச்சியின் அருகே நின்று முடிவெடுக்கும்போது, இரக்கமும் கூடத் தவறான ஆலோசகராகிவிடும் என்பதே இந்த வரலாறு கூறுவது.

ஆகவே திரும்பும் வேளையை அடிவாரத்திலேயே குறித்துவிட வேண்டும். பாடசாலை மைதானத்துக்கு இதனைப் பொருத்திப் பார்க்கலாம். ஒரு கிராமத்துப் பாடசாலையிலே, ஆயிரத்து ஐந்நூறு மீற்றர் ஓடும் பதினைந்து வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி இருப்பதாகக் கொள்வோம். வலய மட்டத்தில் முதலிடம் பெற்றுவிட்டாள். மாகாண மட்டப் போட்டிக்கு இன்னும் மூன்று நாள். முன்னங்காலில் ஒரு வாரமாக நோவு. மாலையில் சற்று நொண்டுகின்றாள். கேட்டால், ஒன்றுமில்லை சேர் என்கின்றாள். அப்பாடசாலையின் பெயர் மாகாணப் பட்டியலிலே வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. பழைய மாணவர் சங்கத்தினர் சப்பாத்து வாங்கிக் கொடுத்துள்ளனர். தகப்பனார் வேலைக்கு விடுமுறை சொல்லிவிட்டார். அதிபர் தினமும் விசாரிக்கின்றார். அப்பிள்ளையும் ஓடவே விரும்புகின்றாள். இத்தனை பேர் ஒரு பக்கம் நிற்க, மறுபக்கம் நிற்பது அந்த எலும்பு ஒன்றே. அது பேசாது.

அந்த எலும்புக்காகப் பேசவேண்டியவர் பயிற்றுநர். ஆனால் போட்டிக்கு மூன்று நாள் இருக்கும்போது புதிதாக யோசிக்கத் தொடங்கினால், அவருடைய நாவும் எழாது. பருவம் தொடங்கும் முன்னரே, நோவு மூன்று நாளுக்கு மேல் நீடித்தால் ஓட்டமில்லை, வைத்தியர் பார்த்த பின்னரே மைதானம் என்ற விதியைப் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் அதிபருக்கும் அறிவித்திருந்தால், இப்போது அவர் தம் சொந்த முடிவைச் சொல்லவேண்டியதில்லை. எல்லோரும் ஒப்புக்கொண்ட முடிவை நினைவூட்டினாற் போதும். பிள்ளை அன்றிரவு அழுவாள். அந்த அழுகை ஓய்ந்துவிடும். முறிந்த எலும்பு அவ்வளவு எளிதில் ஆறாது. ஆறினாலும், தன் நோவை வெளியே சொல்லக்கூடாது என்று அவள் கற்றுக்கொண்ட பாடம் ஆறாது.

ஓடாதே என்று சொல்லிவிட்டால் மட்டும் பயிற்றுநரின் கடமை முடிந்துவிடாது. 1953இல் ஹிலாரியும் தென்சிங்கும் தளர்ந்து இறங்கி வந்தபோது, ஜோர்ஜ் லோ கூடாரத்தில் காத்திருக்காமல் எதிரே ஏறிவந்து சூடான பானம் கொடுத்து வரவேற்றார். வென்று வருபவரை எதிர்கொள்ள ஆயிரம் பேர் வருவர். தோற்றோ திரும்பியோ வரும் பிள்ளையை எதிர்கொள்ள ஒருவர் வந்தாற் போதும். அவர் பயிற்றுநராக இருத்தல் வேண்டும். மறுநாள் மைதானத்திலே அப்பெண்பிள்ளையின் கையில் நேரங்காட்டியைக் கொடுத்து, இளையவர்களின் ஓட்டத்தைக் கணக்கிடச் சொல்லும் ஆசிரியர், அவளைக் குழுவிலிருந்து விலக்கவில்லை. கயிற்றிலே கட்டியே வைத்திருக்கின்றார்.

நம் நாட்டிலிருந்தும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2016ஆம் ஆண்டு ஜயந்தி குரு-உதும்பல, ஜொஹான் பீரிஸ் என்னும் இலங்கையர் இருவர் எவரெஸ்டுக்குச் சென்றனர். மே 21ஆம் நாள் ஜயந்தி உச்சியை அடைந்து, அச்சிகரத்தில் நின்ற முதல் இலங்கையர் ஆனார். ஜொஹான் பீரிஸ் 8,400 மீற்றர் உயரத்தை எட்டியபோது, பிராணவாயுக் குறையினால் திரும்ப நேர்ந்தது. எஞ்சியிருந்தது ஏறக்குறைய 450 மீற்றர். அவர் திரும்பினார். இரண்டு ஆண்டு கழித்து, 2018 மே 22ஆம் நாள், மீண்டும் சென்று உச்சியில் நின்றார். திரும்பியவருக்கு மலை காத்திருக்கும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? ஏறிச்சென்ற பெண்ணின் துணிவையும், இறங்கிவந்த ஆணின் துணிவையும் ஒரே வகுப்பில், ஒரே நாளில், சம மதிப்போடு சொல்லிக் கொடுக்கத் தெரிந்த ஆசிரியரே விளையாட்டின் கருத்தை முழுவதும் உணர்ந்தவராவார்.

கயிறு என்ற சொல் மேலே வந்தது. அதைப்பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். 1953 ஏப்ரலில், பனிவீழ்ச்சியினூடே விரைந்து இறங்கிக்கொண்டிருந்த ஹிலாரி, காலடிப் பனி இடிந்து ஒரு பிளவுக்குள் விழுந்தார். அவரோடு ஒரே கயிற்றில் பிணைந்திருந்த தென்சிங், பனிக்கோடரியை ஊன்றிக் கயிற்றை இறுக்கிப் பிடித்து அவரைக் காத்தார். அன்று முதல் அவ்விருவர்க்கிடையே ஒரு நம்பிக்கை வளர்ந்தது. உச்சியை அடைந்து திரும்பியதும், முதலில் கால் வைத்தவர் யார் என்று உலகம் துருவித் துருவிக் கேட்டது. நாடுகளின் பெருமைகூட அக்கேள்வியில் சிக்கிக்கொண்டது. இருவரும் சேர்ந்தே ஏறினோம் என்பதே அவர்கள் தந்த விடை. பின்னர் 1955இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றிலே, ஹிலாரியே சில அடி முன்னால் சென்றார் என்பதைத் தென்சிங் தாமாகவே தயக்கமின்றிக் கூறினார். ஒரே கயிற்றில் பிணைந்தவருக்குள் முன் என்ன, பின் என்ன என்பதே அவர் கருத்து. அஞ்சல் ஓட்டத்திலே கோலை வாங்கிக்கொண்டு இறுதியாக ஓடி நாடாவைத் தொட்டவனை மட்டும் தோளில் தூக்கும் கூட்டத்துக்கு, அதற்கு முன் ஓடிய மூவரையும் காட்டிக்கொடுக்க வேண்டியவர் பயிற்றுநரே.

மலையேற்றத்தில் மிகுந்த அவதானம் வேண்டிய நேரம் இறக்கம் என்று அனுபவமுள்ளோர் கூறுவர். உடல் களைத்திருக்கும், மனமோ வெற்றியில் மயங்கியிருக்கும். விளையாட்டிலும் ஓர் இறக்கம் உண்டு. பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் குழுவில் ஆடி, பாடசாலையின் வீரனென்று போற்றப்பட்ட இளைஞன், ஒரு நாள் வெண்ணிற உடையைக் கழற்றிவிட்டுச் சாதாரண வாழ்க்கைக்குள் இறங்குகின்றான். பயிற்சிக்காகப் பாடங்களை விட்டிருந்தால், அவன் கையில் சான்றிதழ்கள் உண்டு, தொழில் இல்லை. கைதட்டல் நின்ற பின் எப்படி வாழ்வது என்று ஒருவரும் அவனுக்குக் கற்பிக்கவில்லை. அவனை மேலே ஏற்றியவர்கள் இறக்குவதற்கு வரவில்லை. மாலைப் பயிற்சி முடிந்ததும் அடுத்த நாள் கணக்குப் பாடத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்கும் பயிற்றுநர், அந்த இறக்கத்துக்கு வேண்டிய கலத்தை முன்கூட்டியே வழியில் வைத்துவிட்டுச் செல்பவர் ஆவார்.

எவரெஸ்டிலிருந்து இறங்கிய மூவரும் பின்னர் என்ன செய்தனர் என்பதைக் கூறி இவ்வுரையை முடிப்பது பொருத்தமாகும். தென்சிங் 1954இல் டார்ஜிலிங்கில் தொடங்கப்பட்ட இமாலய மலையேற்றப் பயிற்சிக் கழகத்தின் களப்பயிற்சித் தலைவராகி, இளைஞருக்கு மலையேற்றம் கற்பித்தார். ஹிலாரி, ஷெர்ப்பா மக்களின் வேண்டுகோளை ஏற்று 1961இல் கும்ஜுங் என்னும் மலைக்கிராமத்தில் ஒரு பள்ளிக்கூடம் கட்ட உதவினார். அதன்பின் அம்மலைநாட்டில் பல பள்ளிகளும் வைத்திய நிலையங்களும் எழுவதற்குக் காரணமாயிருந்தார். ஜோன் ஹண்ட், 1956இல் இளைஞருக்காகத் தொடங்கப்பட்ட எடின்பரோக் கோமகன் விருதுத் திட்டத்தின் முதற் பணிப்பாளராகிப் பத்தாண்டு உழைத்தார். இலங்கையிலும் பரவியுள்ள அத்திட்டத்திலே, பிள்ளை இன்னொரு பிள்ளையை வெல்லவேண்டியதில்லை. நேற்றைய தன்னை இன்று சற்றே கடந்தாற் போதும்.

உலகத்தின் மிக உயர்ந்த சிகரத்தைக் கண்டு வந்தவர்கள், அதைவிட உயர்ந்த பணியெனக் கருதி இறங்கிவந்த இடம், பிள்ளைகள் நிற்கும் இடம். பாடசாலை மைதானத்திலே ஊதுகுழலோடு நிற்கும் ஆசிரியர் ஏற்கெனவே அந்த இடத்தில்தான் நிற்கின்றார். மாலையில் பயிற்சி முடிந்ததும் அவர் முதலில் எண்ணவேண்டியது கிண்ணங்களையல்ல; வந்த பிள்ளைகள் அனைவரும் நல்ல கால்களோடும் நல்ல மனத்தோடும் வீட்டுக்குப் புறப்பட்டார்களா என்பதையே.